கழுத்தளவுத் தண்ணீரில் பிரெஞ்சு

எனக்குப் பிரெஞ்சு பாஷை வந்து சேர்ந்தது ஒரு நாற்காலியோடு. ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். சாய்ந்துகொள்ள ஒரு பிரம்பு நாற்காலி வேண்டும் என்று போயிருந்தேன். நாற்காலியின் மேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதை இறக்கிவைக்க ஏலக்காரருக்குச் சோம்பல். "ரெண்டும் சேர்த்துத்தான்" என்று சுத்தியலைத் தட்டிவிட்டார். நாற்காலி சீக்கிரமே கால் ஒடிந்து பரணுக்குப் போயிற்று. பெட்டிக்குள் இருந்த புத்தகம்தான் என்னை விடவில்லை.

இங்கிலீஷ்காரர்கள் வாத்தியார் இல்லாமலே பிரெஞ்சு கற்றுக்கொள்வதற்காக எழுதின புத்தகம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். 'வாத்தியார் இல்லாமலே' என்ற வார்த்தை முதலில் கொஞ்சம் சுட்டது. பிறகு யோசித்தேன். என் வகுப்பில் நான் எதிரே நின்று கத்தும்போதும் பையன்கள் அப்படித்தானே கற்றுக்கொள்கிறார்கள்? மனசு ஆறிப்போயிற்று.

இந்தப் பாஷையால் எனக்கு எள்ளளவும் பிரயோஜனம் கிடையாது. பிரெஞ்சுக்காரன் ஒருவனை நான் கண்ணால் கண்டதில்லை. அவன் வாயிலிருந்து ஒரு சொல்லைக் காதால் கேட்டதும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதை எப்படி உச்சரிப்பது என்று இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருக்கும். அதை நான் தமிழுக்கு இழுத்துக்கொள்வேன். ழெ சுயி, தூ ஏ, ஈல் ஏ. முதல் பாடத்திலேயே நம்முடைய ழகரம் எதிரே வந்து நின்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. சில பேருக்குச் சீட்டு, சில பேருக்குச் சேவல்கட்டு, எனக்கு இது என்று ஆகிப்போயிற்று.

வீட்டில் படிக்க முடியவில்லை. அந்தப் பாஷையில் பாதி மூக்கு வழியாகத்தான் வெளியே வரவேண்டும் என்று புத்தகம் சொல்லிற்று. நான் முழுவதையும் மூக்கு வழியாகவே விட்டேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஜலதோசமா?"

"பிரெஞ்சு."

"அது எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். விளக்கு வச்ச நேரத்துல மூக்கால பேசாதிய. அண்டை அசல்ல என்ன நினைப்பாவ?"

ஆகவே என் படிப்பு ஆற்றங்கரைக்கு, குறுக்குத்துறைப் படித்துறைக்கு மாறியது. விடிந்ததும் ஆற்றில் இறங்கிக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அன்றைய பாடத்தை உரக்கச் சொல்லுவேன். தாமிரபரணி எதற்கும் முகம் சுளிக்காது. ஆனால் குளிக்க வருகிறவர்கள் அப்படியில்லையே. கிழக்கே பார்த்து நின்று, கண்ணை மூடி, மூக்கால் ஒருவன் புரியாத எதையோ திரும்பத் திரும்பச் சொன்னால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மந்திரம். அதுவும் மலைக்கு அந்தப் பக்கத்து மந்திரம், மலையாளத்துச் சரக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் மறைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னேன். "மந்திரமும் இல்லை மாயமும் இல்லை, பிரெஞ்சு தேசத்துப் பாஷை" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மந்திரத்தை வெளியே சொன்னால் பலிக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே! நான் இல்லை என்று சொல்லச் சொல்ல அது ஆமாம் என்று உறுதிப்பட்டது. படித்துறையில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். பொய் சொல்வானேன், அந்த மரியாதை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஒரே ஒரு ஆள் மட்டும் நம்பவில்லை. பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். தினமும் காலையில் வெற்றிலைக் கட்டுகளை நனைக்க ஆற்றுக்கு வருவார். வாயில் எப்போதும் புகையிலை அதக்கிக்கொண்டிருப்பார்.

"என்னவே வாத்தியாரே, இன்னைக்கும் மூக்கு அடைப்புத்தானா? ரெண்டு மிளகைக் கடிச்சிட்டு வாருமேன்" என்பார்.

அந்த ஊரில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்ட மனிதர் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்குச் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் சாவகாசமாகத் தண்ணீரில் நின்றேன். பின்னால் ஒரு கூச்சல் கேட்டது. திரும்பினால், கொடிக்கால்காரர் கடைசிப் படியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். படிக்கல் இடுக்கில் காலை வைத்தாராம். சுருக்கென்று கடித்துவிட்டுக் கருப்பாக ஒன்று நெளிந்து தண்ணீருக்குள் போயிற்றாம்.

"தண்ணிப்பாம்பாத்தான் இருக்கும்" என்றார் அவர். சொன்னாரே தவிர, கை அதை நம்பவில்லை. வெற்றிலைக் கட்டில் சுற்றியிருந்த வாழைநாரைப் பிடுங்கி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

அதற்குள் அவர் மனைவி ஓடிவந்துவிட்டாள். அந்த அம்மாளின் தம்பியும் வந்தான். வெற்றிலை ஏற்றுகிற மாட்டு வண்டி அவனுடையது. யாரோ வேப்பிலை பறித்துக் கொடுத்தார்கள். விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை கசக்காது என்பார்கள். அந்த அம்மாள் ஒரு கொத்தை அவர் வாயில் திணித்தாள்.

"கசக்கா?"

அவர் மென்றார். யோசித்தார். மறுபடி மென்றார்.

"கசக்குத மாதிரியும் இருக்கு. கசக்காத மாதிரியும் இருக்கு."

புகையிலையில் ஊறின நாக்கு. அதற்கு வேப்பிலையும் ஒன்றுதான், வெல்லமும் ஒன்றுதான். ஆனால் அங்கே யாருக்கும் இதை யோசிக்கிற நிதானம் இல்லை. எனக்கும் இல்லை. நான் இன்னும் தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். கரையில் பாம்பு என்றால் தண்ணீர் பத்திரம் என்று தோன்றியது. பாம்பு போனதே தண்ணீருக்குள்தான் என்பது உறைத்தபோது நான் படியேறின வேகத்தை ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. 'மந்திரிக்க வந்துட்டாரு' என்று விலகி வழிவிட்டார்கள்.

அந்த அம்மாள் என் காலில் விழுந்தாள்.

"ஐயா, மந்திரிச்சு விடுங்க ஐயா. இறக்கி விட்டுருங்க."

"அம்மா, அது மந்திரம் இல்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. உடனே வண்டியைக் கட்டுங்க."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லாம இவுகளை அசைக்க மாட்டேன்."

"சத்தியமாச் சொல்லுதேன், பிரெஞ்சு பாஷை அது!"

"எந்தத் தேசத்து மந்திரமா இருந்தா என்னய்யா? பாம்புக்குப் புரிஞ்சாப் போதும்."

கொடிக்கால்காரர் என்னைப் பார்த்தார். வழக்கமான கேலி அந்தக் கண்ணில் இல்லை. "ஏதாவது செய்யும்வே" என்றார் மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் என்னை உலுக்கிவிட்டது. பேசிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் விஷம் அந்த மனிதரின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் இந்த அம்மாள் நகர மாட்டாள். அப்புறம் என் வாய் என்னைக் கேட்காமலே பேசிற்று.

"இந்த மந்திரம் ஆத்தைத் தாண்டினாத்தான் பலிக்கும். இக்கரையில சொன்னா விஷம் கூடும். வண்டியைக் கட்டுங்க. நானும் வாரேன், வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வாரேன்."

தம்பிக்காரன் ஓடினான். பாளையங்கோட்டை ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதற்காக அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வண்டியில் வைக்கோல் மேல் அவரைப் படுக்க வைத்தோம். "தூங்க விடக்கூடாது, தூங்கினா ஏறிரும்" என்று கரையிலிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள். தூங்க விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? ஒரு கணக்கு வாத்தியாருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பாடம் சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வது. பாடம் நடத்தினால் பிள்ளைகள் தூங்கிவிடும். திருப்பிச் சொல்லச் சொன்னால் தூங்காது.

"நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும்வே. ழெ சுயி."

"சாகப் போறவனுக்கு உம்ம மூக்குப்பாட்டா?"

"சொல்லுங்களேன்!" என்று அவர் மனைவி அதட்டினாள்.

"ளெ சுயி" என்றார் கொடிக்கால்காரர்.

வண்டி டவுனைத் தாண்டி ஓடியது. ஆனி மாசத்துக் காற்று புழுதியை வாரி அடித்தது. நூ ஸொம், வூ ஸெத், ஈல் ஸொன். அவர் சொன்னார். திட்டிக்கொண்டே சொன்னார். எனக்கு அந்தத் திட்டு தேனாக இருந்தது, ஏனென்றால் தெளிவாக இருந்தது.

ஸ்டேஷன் பக்கம் வந்தால் ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது. ரயிலைக் காணோம். புகையைக்கூடக் காணோம். கேட்காரரிடம் தம்பிக்காரன் கெஞ்சினான். "ரயிலுக்கு மந்திரம் தெரியாது தம்பி, அடிச்சிரும்" என்றார் அவர். எங்களுக்கு முன்னாலேயே செய்தி ஓடிவந்துவிட்டது போலிருக்கிறது.

அங்கே நின்றபோதுதான் பயம் சரியாக என் மேல் ஏறி உட்கார்ந்தது. இந்த மனிதர் செத்துப்போனால்? நான் படியில் வீணாக்கின நேரமா, ஊரார் வீணாக்கின நேரமா, எது அவரைக் கொன்றது என்று யார் சொல்வார்கள்? வியர்வை என் கண்ணில் இறங்கிற்று. துடைக்கக் கை வரவில்லை. அவர் கை என் கையைப் பிடித்திருந்தது.

"வே," என்றார். "இதுக்கு அர்த்தம்தான் என்ன?"

அவர் மனைவி முன்பக்கம் தம்பியோடு சேர்ந்து கேட்காரரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"ழெ சுயின்னா நான் இருக்கேன். தூ ஏ, நீ இருக்கே. ஈல் ஏ, அவன் இருக்கான். அம்புட்டுத்தான்."

அவர் வானத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"இருக்கேன்னு சொல்லதுக்கா இவ்வளவு மூக்கு?"

"இருக்கிற வரைக்கும் சொல்லும்."

"நாளைக்கும் இருப்பேன்னா எப்படிச் சொல்லணும்?"

"அது பின்னால வரக்கூடிய பாடம். நான் இன்னும் அங்கன போகலை."

"நல்ல ஆளுவே நீரு" என்றார்.

ரயில் வந்தது, போயிற்று. பாலத்தில் ஏறினோம். கீழே ஆறு இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்கரை மண்ணில் சக்கரம் இறங்கியதும் அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இனிமேல் பலிக்கவேண்டும் என்பது அந்தப் பார்வை. நான் என் குரலை உயர்த்தினேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் பாளையங்கோட்டைக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். கடிவாயைப் பார்த்தார். லேசாகக் கீறி ஏதோ ஊதாப் பொடியை வைத்தார். பிறகு வாழைநார்க் கட்டில் கத்தியை வைத்தார். அந்த அம்மாள் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை அவுத்தா மேல ஏறிருமே!"

"அவிழ்க்கலைன்னா கால் போயிரும். எப்படியும் இதைப் பையப் பைய அவிழ்க்கத்தான் வேணும்." டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க யாரு? இவர் என்னத்தை முணுமுணுத்துக்கிட்டிருக்கார்?"

"பிரெஞ்சு சார்."

கடிபட்டது எத்தனை பேர் என்பதுபோல அவர் என் காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நல்லது. சொல்லிக்கிட்டே இருக்கட்டும். நாக்கு குழறினாலோ, கண் இமை தொங்கினாலோ என்னைக் கூப்பிடுங்க. பாம்பு எதுன்னு அப்பத்தான் தெரியும்."

கட்டு தளர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் அவர் நாக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

உச்சி வெயில் சாய்ந்தது. நான் சொல்ல அவர் சொன்னார். ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஸொம் ஸொம்தானா? ஸெத் ஸெத்தானா? சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்த ஸொம் ஒருமாதிரி வழுக்கிக்கொண்டு, ஈரமாக, மூக்கும் தொண்டையும் கலந்த ஒரு சத்தமாக வந்தது. நான் ஒரே ஓட்டமாக டாக்டர் அறைக்கு ஓடினேன். கதவில் இடித்துக்கொண்டதுகூட மறுநாள் வீங்கின பிறகுதான் தெரிந்தது.

"குழறுது சார்!"

அவர் வந்து குனிந்து கேட்டார். "எங்க, இன்னொரு தடவை சொல்லும்." கொடிக்கால்காரர் சொன்னார். டாக்டர் நிமிர்ந்தார்.

"இது எப்படி வரணும்?"

நான் வாயைத் திறந்தேன்.

"தெரியாது சார். நான் கேட்டதில்லை. புத்தகத்துல எழுதியிருக்கறதைத்தான்..."

"தெரியாததையா காலையிலேர்ந்து சொல்லிக்குடுத்தீங்க?"

"ஒருவேளை இப்பத்தான் சரியாச் சொல்லுதாரோ என்னமோ, சார்."

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மனசாரச் சொன்னேன். ஒரு மனிதன் சாகிறானா அல்லது அசல் பிரெஞ்சு பேசுகிறானா என்று தெரியாமல் நான் அங்கே நின்றேன்.

"தமிழ்ல உம்ம ஊர்ப் பேரைச் சொல்லும்" என்றார் டாக்டர்.

கொடிக்கால்காரர் சொன்னார். பாதி எழுத்து வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. கண் இமைகள் பாதி இறங்கியிருந்தன. அவர் அவற்றைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. அந்தக் கண்ணில் நான் பார்த்த பயத்தை இங்கே எழுதப்போவதில்லை.

டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "விஷப் பாம்புதான். எவ்வளவு உள்ளே போயிருக்குன்னு தெரியாது. கொஞ்சம்தான்னா இதோட நின்னு இறங்கிரும். நிறையன்னா அடுத்தது மூச்சு. நான் இங்கேயே இருக்கேன். நீங்க நெஞ்சைப் பார்த்துக்கிட்டே இருங்க."

நான் கட்டிலின் ஓரத்துக்கு வந்தேன். சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. பகலெல்லாம் கத்தினதில் குரல் போய்விட்டிருந்தது. அவரும் நிறுத்திவிட்டார்.

அப்போது அந்த அம்மாள் ஆரம்பித்தாள். காலையிலிருந்து கேட்டதில் அவளுக்கு நாக்கில் நின்றது ஒன்றே ஒன்றுதான். வரிசையில் எல்லாவற்றையும்விடச் சின்னது.

"ஈல் ஏ. ஈல் ஏ. ஈல் ஏ."

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சு ஏறும்போதும் ஒரு தடவை சொன்னாள். அவளுக்கு அர்த்தம் தெரியாது. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மூச்சு ஏறத் தாமதமானால் குரலைக் கூட்டுவாள். என் கண் அவர் நெஞ்சில் இருந்தது. அது ஏறுகிற வரைக்கும் நானும் மூச்சு விடவில்லை. பல தடவை அது ஏறாது என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏறிற்று. தம்பிக்காரன் வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான்.

எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, பிறகு இல்லாமல் போயிற்று. டாக்டர் ஒரு தடவை, இரண்டு தடவை இமையைத் தூக்கிப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்தபோது அந்த இமை அவர் விரலை எதிர்த்துத் தானாகவே சிமிட்டிற்று.

ஆஸ்பத்திரி ஆள் விளக்கேற்றிக்கொண்டு வந்தார். கொடிக்கால்காரர் உதட்டை அசைத்தார். எல்லாரும் குனிந்தோம்.

"தண்ணி" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "போதும் நிறுத்து. நீயும் இவரோட சேர்ந்துட்டியா?"

குழறல் கொஞ்சம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இறங்குது" என்றார். "ராத்திரி இங்கேயே இருக்கட்டும். பிழைச்சுக்கிட்டார்."

அந்த அம்மாள் எழுந்து கையைக் கூப்பிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் டாக்டரைக் காட்டிக் கையை நீட்டினேன். 'அவரைக் கும்பிடும்மா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். கீச் என்று ஒரு சத்தம் வந்தது. பகலெல்லாம் வெறும் வயிறு. ஈரவேட்டி உடம்பிலேயே காய்ந்திருந்தது. விளக்கு ஒன்று இரண்டாயிற்று, நான் அடுத்த கட்டிலின் மேல் போய்ச் சாய்ந்தேன்.

"ஐயோ! விஷம் இவுகளுக்கு ஏறிட்டே!" என்று அவள் அலறினாள்.

மந்திரித்து இறக்குகிறவன் விஷத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்வான் என்பது ஊரறிந்த விஷயம். சிரிக்கவேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தடித்திருப்பதுபோல இருந்தது. இமை கனத்தது. கால் மரத்தது. டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து, என் கண்ணைக் காட்டினேன். அவர் பார்த்தார்.

"வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிங்க" என்றார்.

வண்டிக்கு நடந்தே வருவேன் என்று சைகை காட்டினேன். தம்பிக்காரன் விடவில்லை. என்னை அலாக்காகத் தூக்கி வைக்கோலில் மல்லாக்கப் படுக்க வைத்தான். பாலம், கேட், டவுன் என்று வழி நெடுகத் திரும்பித் திரும்பி என் தோளை உலுக்கினான். "ஐயா, தூங்கிராதிய! ஐயா!" கண்ணை மூடினால் கத்தினான், திறந்தால் அழுதான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. என் மனைவி விளக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். காலையில் குளிக்கப் போன புருஷன் ராத்திரி மாட்டு வண்டியில் மல்லாந்து வந்திருக்கிறான்.

"என்னாச்சு இவுகளுக்கு?"

"விஷம் ஏறியிருக்கு அக்கா" என்று தம்பிக்காரன் தேம்பினான். "பேச்சு வரலை. கண்ணு சொருகுது. சொல்லுதது எதுவும் விளங்கலை."

அவள் விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்து நன்றாகப் பார்த்தாள்.

"விஷமா? எப்பவும் இப்படித்தானே இருப்பாவ" என்றாள்.